காத்து வந்தா சுத்தும்

டிச. 22, திங்கள்

பனி. ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆக ஆறு உதை. சிதம்பரத்திலிருந்து ரோட்டு வேலை நடக்கிற சைட் போய்ச் சேரும்வரை மூக்கில் தண்ணீர்.

கா-3 இன்று நட்டாச்சு. இடம்: புதுச்சத்திரம் தாண்டி, மதகுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற பள்ளத்தின் தெற்குப் பக்கம். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற வண்டிகள் நேராகப் போகாமல் இடப்பக்க மண்ரோட்டில் இறங்க வேண்டிய முனை. கா-1, கா-2 வடக்குப் பக்கம், போன வாரமே.

கா என்றால் காத்தாடி. ஆபீஸ் பேப்பரில் 'காற்றால் இயங்கும் பிரதிபலிப்பான்' என்று எழுதினேன். சூப்பர்வைசர் சேகர் படித்துவிட்டு, "இது என்னா மேடம், தமிழா?" என்றான்.

செய்த விதம், மறந்துவிடும் என்பதால்:
- பிவிசி பைப், நீளவாக்கில் ரெண்டாகப் பிளந்தது. ரெண்டு பாதியும் எதிரெதிராக
- வெளிப்பக்கம் சிவப்பு, வெள்ளை ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்
- நடுவில் சுத்துவதற்கு சைக்கிள் சக்கரத்தின் ஹப் (முருகேசன் அண்ணன் கொடுத்தது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், வெல்டிங் பட்டறை. அவர் இல்லாவிட்டால் இது என் நோட்டிலேயே செத்திருக்கும்)
- நெஞ்சு உயரத்துக்கு இரும்பு பைப், அடியில் சிமெண்ட் கட்டை

வண்டி லைட் படும். சுத்தும். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. பேட்டரி இல்லை. திருட ஒன்றும் இல்லை. அதுதான் இதன் சாமர்த்தியம்.

சோலார் பிளிங்கர் ஆறு வந்தது. அதிகாரிகள் பார்க்க வந்த அன்று ஆறும் மின்னியது. அடுத்த வாரம் நாலில் பேட்டரி காணோம். மீதி ரெண்டை கன்டெய்னருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ரோட்டுக்கு வாங்கியதை ரோட்டிலிருந்து காப்பாற்றுகிறார்கள்.

இந்தப் பள்ளத்தில் விழுந்து இதுவரை ரெண்டு பேர் செத்திருக்கிறார்கள். ஒருத்தர் சைக்கிள். ஒருத்தர் நடந்து போனவர். பேப்பரில் ரெண்டு தடவையும் 'நிலைதடுமாறி'. நடந்து போகிற ஆள் எப்படி நிலைதடுமாறுவார்? தோண்டினவன் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. கார்க்காரன் ஒருத்தன் விழுந்திருந்தால் மறுநாள் இங்கே டியூப்லைட் எரிந்திருக்கும்.

பி.எம். (ப்ராஜெக்ட் மேனேஜர்) வாயால் "வைம்மா, வைம்மா" என்றார். எழுத்தில் இல்லை. கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்."

நட்டு முடித்ததும் தனம் அக்கா டீ கொண்டு வந்தாங்க. பள்ளத்துக்குப் பக்கத்திலேயே அவங்க டீக்கடை.

"என்னா பாப்பா இது, கொடிமரமாட்டம் நட்டு வச்சிருக்க?"

"காத்தாடிக்கா. விழுந்தாங்கல்ல ரெண்டு பேரு, அதுக்குத்தான் வச்சிருக்கோம்."

"அதுக்கா? கரண்டு இல்லாம எப்பிடி சுத்தும்?"

"காத்து வந்தா சுத்தும். காத்து போயிட்டா தானா நின்னுடும்."

அக்கா அதையே பார்த்தாங்க. "எந்நேரம் வரும்?"

"அது நம்ம கையிலயா இருக்கு? வர்ற நேரம் வரும்."

டம்ளரை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாங்க. பால் பொங்கியிருக்கும்.

கிளம்பும்போது கவனித்தேன். புளியமரத்தில் ஒரு இலை அசையவில்லை. கா-3 சுத்துகிறது. மனிதருக்கே தெரியாத காத்து அதற்குத் தெரிகிறது. அஞ்சு நிமிஷம் நின்று பார்த்தேன். ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

ஜன. 6, செவ்வாய்

விடிவதற்கு முன்பே சைட். இருட்டில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க. நல்லாவே தெரிகிறது. கரும்பு டிராக்டர் மூணு, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகிறவை. ஒன்றுக்கும் பின்லைட் இல்லை. ஆனால் மூணும் ஒழுங்காக இறங்கின.

அஞ்சு மணிக்கு இஸ்மாயில் பாய். பரங்கிப்பேட்டை பேக்கரியிலிருந்து டீக்கடைகளுக்கு பன், ரஸ்க் போடுகிறவர். மொபெட் பின்னால் பீரோ சைசுக்குத் தகரப்பெட்டி. பின்னாலிருந்து பார்த்தால் பெட்டி தானாக ஓடுகிற மாதிரி இருக்கும். தினமும் இதே நேரம், இதே ரோடு.

"ஜெனிம்மா, உங்க டிஸ்கோ லைட்டு சூப்பரு. அந்த வளைவுலயே கூப்புடுது. வாங்க பாய், இப்பிடி எறங்குங்கன்னு."

"தெளிவா தெரியுதா பாய்?"

"என் கண்ணாடி ஒடஞ்சி ஒரு மாசம் ஆச்சி. எனக்கே தெரியிதுன்னா பாத்துக்குங்க."

சூடாக ஒரு பன் கொடுத்தார். தின்றுகொண்டே ஸ்கூட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு இதுதான் முதல் நல்ல காலை.

தனம் அக்கா கடை திறக்க வந்தாங்க. முகம் சரியில்லை.

"நேத்து ரொம்ப ஜாஸ்தி சுத்துச்சி பாப்பா. மரம் மட்ட எதுவும் ஆடல. இது மட்டும் கிர்ருன்னு. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

"ஆமாக்கா. விடிகாலைலதான் நல்லா வருது."

"தெனமுமா?"

"தினமும்தான்."

புகழ்கிறாங்க என்று நினைத்தேன். (பிறகு சேர்த்தது: இதை அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும்.)

வாங்க: ஷூ லேஸ். அம்மாவுக்கு தைலம். ஸ்டிக்கர் ரோல் கேட்டு மூன்றாவது மெயில்.

ஜன. 9, வெள்ளி

எழுத வருகிறதா பார்க்கிறேன்.

காலை 5.20. சேகர் போன். "மேடம், மதகுல ஒருத்தரு உழுந்துட்டாரு. பன்னு பாய்."

பல் விளக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது. பள்ளமெங்கும் பன். மண்ணில், தேங்கின தண்ணீரில். மதகுக் கம்பி நுனியில் ஒன்று செருகி நின்றது. மொபெட் குப்புற. பெட்டி வாயைப் பிளந்துகொண்டு.

தனம் அக்காதான் முதலில் ஓடினாங்களாம். புடவை முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் கடைக்குள் போய்விட்டாங்க.

கா-3 இல்லை. இரும்பு பைப் மட்டும் மொட்டையாக.

"எங்க சேகர்?"

"கழட்டிட்டேன் மேடம். போலீஸ் வர்றதுக்குள்ள எடுத்துடுன்னு பி.எம். சொன்னாரு. அப்ரூவல் இல்லாத ஐட்டமாம்."

"கழட்டும்போது சுத்திட்டிருந்துச்சா?"

"இருட்டுல யாரு பாத்தா."

வண்டி நேராகப் போகாமல் மறிக்க வேண்டிய தடுப்புக் கட்டை ரெண்டும் பள்ளத்துக்கு முன்னால் ஜம்மென்று நிற்கின்றன. அவற்றின் கால்கள் நேற்றைய ஜேசிபி டயர் தடத்துக்கு மேலே. அதாவது தடத்துக்குப் பிறகு வைத்தது. ஜேசிபி போக ஓரமாகத் தள்ளியிருக்கிறார்கள், திரும்ப வைக்கவில்லை, இன்று காலை வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டேன். சேகர் பார்த்தான்.

பிறகு சிதம்பரம், ஆஸ்பத்திரி. பாய்க்கு நினைவு இல்லை. வலது தொடை எலும்பு உடைந்திருக்கிறது. தலையில் அடி. "நாளைக்குப் பாத்துதான் சொல்ல முடியும்" என்றார்கள்.

வராண்டாவில் அவர் மனைவி ஹசீனா. தரையில் உட்கார்ந்து ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றுதான் கிடைத்ததாம்.

"நீங்க யாரும்மா?"

"ரோட்டு வேலைல இருக்கேன்."

"அந்த மின்னுற சக்கரம் வச்ச பொண்ணு நீதானா? வூட்டுல சொல்லுவாரு. இனிமே பயமில்ல ஹசீனா, அந்தப் பொண்ணு அடையாளம் வச்சிருக்குன்னு."

தலையாட்டிவிட்டு பாத்ரூம் போனேன். வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தேன்.

ஜன. 10, சனி

பாய்க்கு இன்னும் நினைவு இல்லை. ஹசீனாக்கா போனில், "கூப்ட்டா வெரல் அசையுது" என்றார்.

ஆபீசில் ஒரு பேப்பர் தயாராக இருந்தது. 'எவ்வித முன் அனுமதியும் இன்றி நானே அமைத்த சுழலும் பொருளால் வாகன ஓட்டியின் கவனம் சிதறியிருக்கலாம்.' கீழே என் பெயர். ஜெ. ஜெனிட்டா மேரி, பாதுகாப்பு உதவியாளர். எழுத்துப்பிழை இல்லாமல். சம்பளச் சீட்டில் ஒரு தடவைகூட என் பெயரைச் சரியாக அடித்ததில்லை.

"நீங்கதானே சார் வைக்கச் சொன்னீங்க."

"சொல்றது வேற, அப்ரூவல் வேற. சின்னப் பொண்ணு, ஆர்வத்துல செஞ்சிட்டன்னு முடிச்சிடலாம். உன் நல்லதுக்குத்தான்."

"தடுப்புக் கட்டை எங்க சார் இருந்துச்சு?"

"திங்கக்கிழமை கையெழுத்தோட வா."

அம்மாவிடம் சொன்னேன். அங்கன்வாடியில் இருபது வருஷமாக மேலதிகாரிகளைப் பார்த்தவள். முட்டைக் கணக்கு கேட்டால் எப்படிப் பதில் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்: "எதுலயும் கையெழுத்துப் போடாத. கேட்டா வயித்து வலின்னு சொல்லு."

பி.எம். பேப்பர் எனக்குப் பயமில்லை. பயம் வேறு. கா-3 நின்றிருந்தால்?

காரணம் என்னவாக இருக்கும்:
1. ஹப்பில் மண் புகுந்து இறுகியது. மூடி போட முருகேசன் அண்ணன் சொன்னார். நான்தான் "வெயிட் ஏறும்" என்றேன்.
2. பனி ஈரத்தில் ஸ்டிக்கர் உரிந்து மாட்டிக்கொண்டது.
3. சுத்தியது, அந்த மினுக்கலே கண்ணைக் கூசவைத்துவிட்டது.

மூன்றில் எது என்றாலும் பன் பள்ளத்தில் கிடந்தது என்னால்.

சாப்பிடவில்லை. அம்மா தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

ஜன. 11, ஞாயிறு

வெயில் நல்லா வந்தது. அம்மா சர்ச்சுக்கு. நான் ஓ.டி.

முருகேசன் அண்ணனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நேராக சைட். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை. தகர ஷெட் திறந்தே கிடந்தது. அரைமணி நேரம் தேடினோம். சிமெண்ட் சாக்குக்கு அடியில் கா-3.

ஹப் மண்ணால் இறுகவில்லை. ஸ்டிக்கர் உரியவில்லை.

மஞ்சள் கயிறு. நடுத்தண்டையும் பிவிசி பாதிகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறது. ஏழெட்டு சுத்து. மூணு முடிச்சு. நடுவில் வாடிப்போன எலுமிச்சம்பழம், ரெண்டு மிளகாய்.

அண்ணன் பிளேடால் கயிற்றை அறுத்தார். ஒரு விரலால் தட்டினார். சுத்தியது. நிற்கவே இல்லை.

"பாத்தியா தங்கச்சி. பூ மாதிரி சுத்துது. நம்ம பொருளு மேல தப்பு இல்ல."

சிரித்துவிட்டேன். சத்தமாக. மூணு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி. உடனே வெட்கம். அங்கே ஒரு மனுஷன் நினைவில்லாமல் கிடக்கிறார். நான் ஹப் நன்றாக இருக்கிறது என்று சிரிக்கிறேன்.

அப்புறம் கோபம். ஊரே படிக்கிறது, வீட்டுக்கு ஒரு டிகிரி, கையில் போன், ஆனால் ரோட்டில் ஒரு பைப்பைக் கண்டால் எலுமிச்சம்பழம். யார் கட்டினது என்று கண்டுபிடித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்று முடிவு.

திரும்பும்போது பரோட்டா. நான் மூணு. அண்ணன் நாலு.

ஜன. 12, திங்கள்

ஆபீசுக்கு வயித்து வலி.

தனம் அக்கா கடை. கயிற்றையும் பழத்தையும் கவரில் போட்டுக் கொண்டுபோனேன். கடையில் ஆள் இல்லை. டேபிளில் வைத்தேன்.

"இது யாரு கட்டினதுன்னு தெரியுமாக்கா?"

கவரைப் பார்த்தாங்க. அடுப்பைச் சின்னதாக்கினாங்க.

"நான்தான் கட்னேன்."

கவரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஏங்க்கா?"

"ஏன்னா கேக்குற? நீதான பாப்பா சொன்ன?"

"நான் என்ன சொன்னேன்?"

"காத்து வந்தா சுத்தும், காத்து போயிட்டா நின்னுடும்னு. எந்நேரம் வரும்னு கேட்டேன், வர்ற நேரம் வரும்ன. செத்துப்போனவங்களுக்காகத்தான் வச்சிருக்கோம்னும் நீதான் சொன்ன. ரெண்டு உசுரு போன எடம். அகாலச் சாவு. அதுங்க காத்து அங்கதான சுத்திட்டிருக்கும்? வந்துடுச்சின்னா காட்டிக் குடுக்குறதுக்கு கவர்மெண்ட்டுல மிஷினு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

"அக்கா, நான் சொன்னது காத்து. வீசுற காத்து."

"அதுவும் வீசத்தான செய்யும்?"

"மரம் ஆடுமே, அந்தக் காத்துக்கா!"

"மரம் ஆடுனாதான் பரவால்லியே! ஒரு எலகூட ஆடாது, இது மட்டும் நின்ன எடத்துல சுத்தும். அப்ப என்னா அர்த்தம்? நான் ஒத்தப் பொம்பள, இருட்டுல வந்து கட தொறக்குறவ. பாய் வேற தெனம் அந்தப் பக்கமே வர்றாரு. புவனகிரில கேட்டு, மந்திரிச்சி வாங்கியாந்து, வியாழக்கெழம சாயந்தரம் கட்டுனேன். இனிமே வராதுன்னு நிம்மதியா படுத்தேன். விடிஞ்சா அந்த மனுசன்…"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாங்க.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ரெண்டு சாவையும் நான் காரணமாகச் சொன்னேன். அதே காரணத்தை அக்கா எடுத்துக்கொண்டாங்க. இலை அசையாதபோதும் சுத்துகிறது என்று நான் பெருமைப்பட்டேன். அதே இலையைப் பார்த்து அக்கா பயந்தாங்க. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கவனித்திருக்கிறோம். ஒரே வார்த்தையைத்தான் பேசியிருக்கிறோம்.

அந்த ரோட்டில் சாவுக்குக் காரணம் பேய் என்று நினைக்கிற தனம் அக்கா ஒரு கயிறாவது கட்டினாங்க. காரணம் பள்ளம் என்று தெரிந்தவர்கள் தடுப்புக் கட்டையைத் திரும்ப வைக்கவில்லை. நான் யாரைப் போய்த் திட்ட?

"என்ன போலீஸ்ல சொல்லுவியா பாப்பா?"

"எதுக்கு? டீ போடுங்க."

மாலை 4.40. ஹசீனாக்கா போன். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "கண்ண தொறந்துட்டாரும்மா. மொத வார்த்த என்னா தெரியுமா? 'பன்னு எல்லாம் போச்சா?'"

பிழைத்தார். பிழைத்தார். பிழைத்தார்.

அம்மா மூடி வைத்திருந்த சாம்பார், ரசம், நேற்றைய மீன் குழம்பு எல்லாம் காலி. ஒன்பது மணி நேரத் தூக்கம்.

ஜன. 13, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பாய் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் முழுக்கக் கட்டு. தலையில் கட்டு. குரல் மட்டும் பழைய குரல்.

போலீஸ்காரர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். பாய் தெளிவாகச் சொன்னார்: பள்ளத்துக்கு முன்னால் தடுப்பு எதுவும் இல்லை. நான் போட்டோவைக் காட்டினேன். டயர் தடம், மேலே கட்டையின் கால். போலீஸ்காரர் என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அனுப்புங்கம்மா" என்றார்.

அவர் போன பிறகு கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாய், என் காத்தாடி தெரிஞ்சிதா அன்னிக்கு?"

"தெரிஞ்சிதும்மா. அந்தப் பைப்பு நின்னுச்சி. ஆனா சுத்தல."

"சுத்தலன்னதும் என்ன நெனச்சீங்க?"

"தெனம் சுத்தும், எறங்குவேன். அன்னிக்கி சுத்தல. சரி, ரோடு தொறந்து உட்டுட்டாங்க, அதான் ஆஃப் பண்ணிட்டாங்கன்னு நேரா போய்ட்டேன்."

ஆஃப் பண்ணிட்டாங்க.

வெளியில் வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். சுத்துவது என்ன சொல்லும் என்று மூணு மாசம் யோசித்தேன். நிற்பது என்ன சொல்லும் என்று மூணு நிமிஷம் யோசிக்கவில்லை. கயிறு கட்டாவிட்டாலும் காத்தே இல்லாத ஒரு காலை வந்திருக்கும். அன்றும் அது நின்றிருக்கும். அன்றும் யாராவது ரோடு திறந்துவிட்டது என்று நேராகப் போயிருப்பார்கள். கயிறு அந்த நாளை முன்னாலேயே கொண்டுவந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஹப் மேல் தப்பில்லை. கயிறு மேல் கொஞ்சம். கட்டையை வைக்காதவர்கள் மேல் நிறைய. என் மேல் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமை சிரித்ததுக்குப் பதிலாக இது. ஆனாலும் சொல்ல வேண்டும், இன்று ஞாயிற்றுக்கிழமையைவிட லேசாக இருக்கிறது. என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறார். கோளாறைச் சரி செய்யலாம்.

உள்ளே திரும்பிப் போய்ச் சொன்னேன். "பாய், அது சுத்தலன்னாலும் எறங்கணும்னு நான் எழுதி வச்சிருக்கணும். வைக்கல. என் தப்பு."

பாய் யோசித்தார். "எழுதி வையுங்க. பெருசா எழுதுங்க. கண்ணாடி ஒடஞ்சவனுக்கும் தெரியணும்."

ஜன. 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். கம்மாபுரத்திலிருந்து பெரியம்மா வீட்டு ஆட்கள். கரும்பு கடித்துப் பல் வலி.

புதன்கிழமையே ஆபீஸ் போனேன். கையெழுத்துப் பேப்பரைப் பற்றிப் பேச்சே இல்லை. பி.எம். மேஜையில் இருந்த அந்தப் பேப்பரும் காணோம். போலீஸ் வந்துவிட்டுப் போனதாம். பள்ளத்துக்கு இப்போது கட்டை ரெண்டல்ல, ஆறு. இரும்புச் சங்கிலி வேறு. கன்டெய்னருக்குள் பூட்டி வைத்திருந்த ரெண்டு பிளிங்கரும் வெளியே வந்துவிட்டன. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. செத்த ரெண்டு பேர் விழுவதற்கு முன்பே இதில் ஒன்று இருந்திருந்தால் போதும்.

"அந்த உன் ஐட்டம், ஒரு டிராயிங் போட்டுக் குடு. அப்ரூவ் பண்ணிடலாம்" என்றார் பி.எம். முகத்தைப் பார்க்காமல்.

"எழுத்துல குடுங்க சார்."

கொடுத்தார். ரெண்டு வரி. லேமினேட் செய்தேன்.

நேற்று தனம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம். பொங்கல் தூக்குவாளியோடு. என்னிடம் சொல்லவில்லை. ஹசீனாக்கா சொல்லித்தான் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்திருக்காங்க. காத்து, மிஷின், கயிறு.

பாய் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "நல்லாருக்கு தனம். நீ அங்க ஒரு கட்டு கட்டுன. இவுங்க இங்க ரெண்டு கட்டு கட்டிட்டாங்க."

அக்கா அழுதாங்களாம். ஹசீனாக்கா சிரித்தாராம். பொங்கலைப் பாய் வழித்துச் சாப்பிட்டாராம்.

ஜன. 21, புதன்

வெயில். ஓ.டி. பட்டறை, முழு நாள்.

மாற்றம்:
- ஸ்டிக்கர் உள்பக்கமும். எந்த வாக்கில் நின்றாலும் சிவப்பு தெரியணும்
- ஹப்புக்கு மூடி (அண்ணன்: "இப்ப வெயிட் ஏறாதா?" மூடியை நானே திருகினேன்)
- காத்தாடிக்குக் கீழே அசையாத தகடு. மஞ்சளில் அம்புக்குறி. அம்பு சுத்தாது, ஓயாது
- அதற்குக் கீழே எழுத்து

எழுத்தில் சண்டை. நான் எழுதியது: 'மாற்றுப்பாதை – இடப்புறம் திரும்பவும்.' அண்ணன் படித்துவிட்டு, "பாய்க்கு இது பத்தாது தங்கச்சி. சுத்துறது, நிக்கிறது ரெண்டும் வரணும்."

கடைசியில் தகட்டில் போனது: 'சுத்தினாலும் நின்னாலும் இடப்பக்கம் இறங்கவும்.'

பி.எம். பார்த்தால் இலக்கணம் கேட்பார். கேட்கட்டும்.

மூன்றையும் சாயந்தரமே நட்டோம். தனம் அக்கா தள்ளி நின்று பார்த்தாங்க. கூப்பிட்டேன். விரலால் தட்டச் சொன்னேன். பயந்து பயந்து தட்டினாங்க. சுத்தியது.

"ஊதுங்க" என்றேன். ஊதினாங்க. இன்னும் வேகமாகச் சுத்தியது.

"அட, என் வாயிக் காத்துக்கே சுத்துது."

"அந்தக் காத்துதாங்க்கா."

"மொதல்லயே ஊதிக் காட்டியிருக்கக் கூடாதா? வாயாலயே பேசிட்டுப் போயிட்ட."

சரிதான். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் எல்லாம் சேர்த்து ஆறு வருஷம். ஊதிக் காட்டவேண்டும் என்று தோன்றவில்லை.

குங்குமம் வைக்கலாமா என்று கேட்டாங்க. இரும்பு பைப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சுத்துகிற பாகத்தில் ஒரு நூல்கூட கூடாது. "தெனம் ஈரத் துணியால தொடச்சி வுட்றேன், போதுமா?" என்றாங்க. பாதுகாப்புக்கு என்று சம்பளம் வாங்குகிற ஒருத்தன்கூட இதைக் கேட்டதில்லை.

பிப். 2, திங்கள்

கடும் பனி. 4.30க்கு சைட். இந்த மாதிரி ஒரு காலைக்குத்தான் பத்து நாளாகக் காத்திருக்கிறேன்.

காத்து இல்லை. அக்கா அடுப்புப் புகை நேராக மேலே போகிறது. கா-3 நிற்கிறது. ஆணி அடித்த மாதிரி.

தள்ளிப்போய், இருட்டில், புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். வயித்து வலி. இந்தத் தடவை வேஷமில்லை.

பார்சல் லாரி. வேகம் குறைத்தது, இறங்கியது.
கரும்பு டிராக்டர். இறங்கியது.
புதுச்சேரிக்குப் பறக்கிற கார், பாட்டு அலற. அம்புக்கு முன்னால் பிரேக். இறங்கியது.
சைக்கிளில் ஒருவர். நின்று, தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு இறங்கினார்.

5.05. வளைவில் ஒற்றை லைட். அதன் பின்னால் பீரோ.

பாய் மொபெட்டைச் சரி செய்து இப்போது அவர் மச்சான் ஓட்டுகிறார். ஹசீனாக்காவின் தம்பி. இந்த ரோட்டுக்குப் புதுசு, இது மூணாவது நாள். முதல் ரெண்டு நாளும் காத்து இருந்தது, சுத்தியது.

அந்த நேரம் பார்த்து போன். இஸ்மாயில் பாய். மச்சான் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குக் கட்டிலில் படுத்தபடி கூப்பிடுகிறார்.

"ஜெனிம்மா, சுத்துதா?"

"இல்ல பாய். காத்தே இல்ல. நிக்குது."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சென்றது. லைட் கிட்டே வந்தது. அம்பு மஞ்சளாக எரிந்தது. தகரப்பெட்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"மச்சான்?"

"எறங்கிட்டாரு பாய்."